சித்திக்கு நான் வணக்கம் சொல்வதில்லை

2024 தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று பாளையங்கோட்டையிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். நான் இருப்பது கோயம்புத்தூரில். தம்பி மஸ்கட்டில். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, கையில் கிடைத்த நாலு துணியை எடுத்துக்கொண்டு இரவு பஸ் பிடித்தேன். விடிந்து போய்ச் சேர்ந்தபோது அப்பா ஐசியூவில் இருந்தார். ஆஞ்சியோகிராம் பார்த்து அன்றைக்கே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம்தான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் இரும்பு நாற்காலி. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. கையில் போன் மட்டும் இருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஆச்சி வீடு என்று பெயர் வைத்து நான்தான் 2016-ல் தொடங்கினேன். 63 பேர். அம்பாசமுத்திரம் பெரியப்பா, தூத்துக்குடி சித்தி, சென்னை அத்தான், மும்பையில் இருக்கும் மதினி என்று எல்லாரும் இருக்கிறார்கள். காதுகுத்து, பிள்ளைகளின் மார்க், யார் வீட்டில் கிரகப்பிரவேசம், யார் தவறிவிட்டார் என்பதெல்லாம் அதில்தான் வரும். அந்தக் குழுவின் உயிர் அப்பா. 34 வருடம் தபால்காரராக இருந்தவர். காலை ஐந்தரைக்கு எழுந்து, இணையத்தில் தேடிப் படித்ததில் நல்லதாக ஒன்றை எடுத்துப் போடுவார். பழைய நெல்லைப் புகைப்படம், வானொலிப் பேச்சு, கல்வெட்டுச் செய்தி, இப்படி ஏதாவது. கடைசியில் இன்லேண்டு லெட்டரில் எழுதுவதுபோல ‘நலம், நலமறிய அவா’ என்று முடிப்பார். ஒருமுறை நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்று போட்டார். அது பொய், பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது, யார் எழுதினார் என்றே தெரியாது, அதைக் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றும் சொன்னேன். அதிலிருந்து அம்புக்குறி இருப்பதை அவர் தொடுவதே இல்லை. அப்படிப்பட்ட மனிதர்.

அந்த மனிதர் ஐசியூவில் இருக்கும்போது 63 பேரும் கேட்கத்தானே செய்வார்கள்? ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் குழுவில் எழுதினேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி, ஸ்டென்ட் வைத்தாயிற்று, இவ்வளவு முன்பணம் கட்டியிருக்கிறேன், தம்பிக்கு வெள்ளிக்கிழமைதான் டிக்கெட் கிடைத்தது, அதுவரை நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். எழுத எழுத மனசு கொஞ்சம் லேசானது என்பதும் உண்மை. குழுவில் வேற்று ஆள் ஒருவன் உட்கார்ந்து இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணி. உள்ளேயிருந்து நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்து, இந்த ஊசி மருந்து உடனே வேண்டும் என்றார். கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அப்போது பெரியப்பா எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ‘ஒரு 6 இலக்க எண் தவறுதலாக உன் போனுக்கு வந்துவிட்டது, சீக்கிரம் அனுப்பு.’ பெரியப்பாவுக்கு 78 வயது. போனில் எதையாவது அமுக்கிவிட்டு எங்களைக் கூப்பிடுவது வழக்கம்தான். குறுஞ்செய்தியைத் திறந்தேன். ‘இந்த எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்’ என்று அதிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அனுப்பினேன். அந்த வரியைக் கண் பார்த்தது, மனசு ஊசி மருந்துச் சீட்டில் இருந்தது. இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். கணக்கு வழக்குப் பார்க்கிற வேலையில் பதினெட்டு வருடமாக இருப்பவள் நான். ஏமாற்றுகிறவனுக்கு வேண்டியது நம் அறியாமை இல்லை, நம் அவசரம்.

அரை நிமிடத்தில் என் வாட்ஸ்அப், இந்த எண் வேறு ஒரு போனில் பதிவாகிவிட்டது என்று சொல்லி என்னை வெளியே தள்ளியது. ஆஸ்பத்திரியில் நெட் சரியில்லை போல என்று நினைத்து போனைப் பையில் போட்டுவிட்டு மருந்தோடு மேலே ஓடினேன். ஐந்தரை மணிக்குச் சென்னை அத்தான் கூப்பிட்டார். “நாப்பதாயிரம் வந்து சேந்துட்டா? இன்னும் வேணும்னா கூச்சப்படாம கேளு” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கேட்கவே இல்லையே என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். “சரி, நீ போனை வை” என்று சொல்லிவிட்டு அவர் உடனே 1930-க்குக் கூப்பிட்டார். அந்த எண் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததுதான் இந்தக் கதையில் நடந்த ஒரே நல்ல காரியம்.

அந்த எண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையவழிப் பண மோசடிக்கு இந்தியா முழுவதற்கும் உள்ள உதவி எண் 1930. திருடன் பணத்தை ஒரு கணக்கில் வாங்கி, நிமிடக்கணக்கில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவான். நாம் புகார் சொன்னதும் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அதை அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள். அதனால் முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம். பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவரே கூப்பிடுவது நல்லது, ஏனென்றால் அவருடைய வங்கி விவரத்தைத்தான் கேட்பார்கள். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன என்பதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். திருடனுடைய செய்தியை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். வங்கிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும்.

அத்தான் போனை வைத்ததும் நான் வராந்தாவிலேயே நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். குழுவில் எச்சரிக்கை போடச் சொல்லி மதினியிடம் கேட்டேன். அவர் போட்ட அடுத்த நிமிடம் அவரைக் குழுவை விட்டே நீக்கிவிட்டான். குழுவைத் தொடங்கியவளும் நான், ஒரே அட்மினும் நான். என் கணக்கு அவன் கையில் இருந்ததால் அந்த அதிகாரமும் அவன் கையில் இருந்தது. அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி அடைத்துவிட்டான். இன்னும் இரண்டு பேரை அட்மினாக வைத்திருந்தால், அவன் அடைத்த பிறகும், அவர்களை நீக்குகிற வரை அவர்களால் எச்சரிக்கை எழுத முடிந்திருக்கும். உங்கள் குடும்பக் குழுவுக்கு அட்மின் ஒருவர்தான் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நான் செய்த இன்னொரு தப்பு யாரை முதலில் கூப்பிட்டேன் என்பது. பணம் உள்ளவர்களிடம்தானே கேட்பான் என்று நினைத்து வசதியானவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டேன். இடையில் டாக்டர் வந்தார், அப்பாவைப் பார்க்க உள்ளே விட்டார்கள், ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டப் போனேன். தூத்துக்குடி சித்தியைக் கடைசியில் வைத்திருந்தேன். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்ப் பிழைத்த சித்தியிடம் யார் பணம் கேட்கப் போகிறார்கள்? மணி பத்தாகிவிட்டது, தூங்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார். “ஏட்டி, ஆஸ்பத்திரியில ரூவா கெட்டிட்டியா?” என்றார். 25,000 கேட்டிருக்கிறான். என்னிடம் சீட்டுப் பணம் 18,000-தான் இருக்கிறது என்று சித்தி பேத்தியை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். அதை அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது. பேத்தியை விட்டே பணத்தையும் அனுப்பிவிட்டு, நான் ஆஸ்பத்திரியில் தனியாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன், கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ராத்திரி முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார். அந்தப் பணம் போனது போனதுதான். முடக்க ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. இப்படி ஆகிவிட்டால் மனசு இளகியவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும் சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நானும் நெனச்சேன். வணக்கம்னு போட்டிருந்துச்சு. நீ என்னைக்குட்டி எனக்கு வணக்கம் சொன்ன?” என்றார். பிறகு அந்தச் செய்தியை வாங்கிப் படித்தேன். ‘வணக்கம். அப்பா ஐசியூவில் இருக்கிறார். என் ஜிபே வேலை செய்யவில்லை. இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். தம்பி வெள்ளிக்கிழமை வந்ததும் தந்துவிடுகிறேன்.’ நாலு வரியில் ஒரு இடத்தில்கூட சித்தி என்ற சொல் இல்லை. ஆனால் ஐசியூவும் தம்பியும் வெள்ளிக்கிழமையும் சரியாக இருந்தன. எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். ஆஸ்பத்திரியில் அழாதவள் அதைப் படித்துவிட்டு அழுதேன்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். நம் கணக்கை வேறு போனில் திறந்தாலும் பழைய செய்திகள் அவனுக்குத் தெரியாது, அவை நம் போனில்தான் இருக்கும். ஆனால் கணக்கு கைக்குப் போன நிமிடத்திலிருந்து குழுக்களில் வருகிற ஒவ்வொன்றும் அவனுக்கும் வரும். முதலில் அவன் பிடித்தது பெரியப்பா கணக்கை. தீபாவளி முடிந்த கையோடு தெரிந்தவர் எண்ணிலிருந்து அவருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. கார்த்திகை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வருகிற நேரம், சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனால் அது படமோ பிடிஎஃபோ இல்லை, ஏபிகே என்று முடிகிற செயலிக் கோப்பு. தொட்டதும் நிறுவட்டுமா என்று கேட்டிருக்கிறது, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது, பெரியப்பா எல்லாவற்றுக்கும் சரி கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு வருகிற ஓடிபியெல்லாம் அவனுக்கும் போயிருக்கிறது. வாட்ஸ்அப் போய்விட்டது, பேரன் வந்து சரி செய்வான் என்று மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார். அந்த மூன்று நாளில்தான் நான் குழுவில் எழுதியதெல்லாம். பத்திரிகை என்றால் தொட்டவுடன் திறக்கும், எதையும் நிறுவச் சொல்லாது. இந்த ஒரு வரியை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் நேரில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக் காட்டிச் சொல்லுங்கள். குழுவில் செய்தியாகப் போட்டால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும்.

கணக்கை மீட்பது எப்படி என்று அன்று இரவு எனக்குச் சொல்ல யாருமில்லை, அதனால் விவரமாக எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் மறுபடி உங்கள் எண்ணைப் போட்டு, குறுஞ்செய்தியில் வருகிற 6 இலக்க எண்ணைக் கொடுக்க வேண்டும். எனக்கு அது உடனே வரவில்லை, பல முறை கேட்டாயிற்று, சில மணி நேரம் பொறுத்திருங்கள் என்றது. விடிய ஐந்து மணிக்குத்தான் வந்தது. போட்டால் இன்னொரு பின் எண் கேட்டது. அது அவன் வைத்துவிட்டுப் போன இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு எண். அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். இன்னும் ஏழு நாள் இவன் என் பெயரில் கேட்டுக்கொண்டே இருப்பான் என்று எனக்குக் கைகால் நடுங்கியது. உண்மையில் அப்படி இல்லை. அந்த 6 இலக்க எண்ணை நாம் போட்ட கணமே அவன் வெளியேறிவிடுகிறான், 7 நாள் காத்திருப்பது நாம் உள்ளே போவதற்கு மட்டும்தான். இது தெரியாமல் அன்று முழுவதும் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை எனக்கு.

இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை நாமே முன்னால் வைத்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது. வாட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. ஓடிபி கைமாறினாலும் அந்தப் பின் எண் இல்லாமல் அவனால் திறக்க முடியாது. பிறந்த தேதியை மட்டும் அதற்கு வைக்காதீர்கள், மின்னஞ்சலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். இணைத்த சாதனங்கள் என்ற பகுதியையும் மாதம் ஒருமுறை திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பணக் கணக்கு இதுதான். அத்தான் 40,000, சித்தி 18,000, என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் 10,000, ஆக 68,000. அத்தான் ஒரு மணி நேரத்துக்குள் புகார் சொன்னதால் 31,000 ஒரு கணக்கில் முடங்கி நின்றது. முடங்கிய பணம் தானாகத் திரும்பி வராது. முதல் தகவல் அறிக்கை, அதன் பிறகு நீதிமன்றத்தில் மனு, உத்தரவு வந்த பிறகு வங்கி என்று நாலு மாதம் ஆனது. அவர் சென்னையில் மூன்று நாள் லீவு போட்டார். மீதி 37,000 போய்விட்டது. வங்கியில் கேட்டபோது, நீங்களே பின் எண் போட்டு அனுப்பியதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது என்றார்கள். நம்மை அறியாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்து, அதில் நம் கவனக்குறைவும் இல்லையென்றால் 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், அப்போது இழப்பு நம் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி போட்டிருக்கிறது. நம் கையாலேயே அனுப்பினால் அந்த விதி துணைக்கு வராது. சித்திக்கும் அலுவலக நண்பருக்கும் நானே 28,000-ஐக் கொடுத்தேன். சித்தி வாங்க மறுத்தார். பொங்கலுக்குப் போனபோது அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி வந்து, அப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஏன் குழுவில் ஒருத்தரும் ஒன்றும் போடவில்லை, எல்லாருக்கும் என்ன ஆயிற்று என்று அவரே கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை ரொம்பவும் வருத்தியது. புதுக் குழு தொடங்கியிருந்தோம், ஆனால் யாரும் எதையும் போடவில்லை. ஒருவர் குழந்தை படம் போட்டால்கூட, இது அவர்தானா என்று இன்னொருவர் தனியாகக் கேட்கும் நிலைமை. சொந்தத்தில் ஒரு பெண் பெரியவளான செய்தியைச் சித்தி மூன்று நாள் கழித்து வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொண்டார். பணத்தோடு சேர்த்து அவன் இதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எம்மா, நான் எத்தனை மணியார்டர் கொடுத்திருப்பேன். வீட்ல எவ்வளவு அழுகை கேட்டாலும் ஆளைப் பாத்து, கையெழுத்து வாங்கிட்டுத்தான் ரூவாய எடுப்பேன். கடுதாசிய மட்டும் திண்ணையில போட்டுட்டுப் போயிருவேன்” என்றார். எங்கள் குழு இன்று நடப்பது அந்தப் பேச்சின்படிதான். சேதியைத் திண்ணையில் போடலாம். ரூபாய் என்று வந்தால் ஆளைப் பார்க்க வேண்டும்.

அதன்படி, பணமோ எண்ணோ ஆவணமோ யார் கேட்டாலும், குழுவில் கேட்டாலும் தனியாகக் கேட்டாலும், கூப்பிட்டுப் பேசாமல் கொடுப்பதில்லை. குரலைக்கூட இப்போது செயற்கையாக உருவாக்கிவிடுகிறார்கள் என்பதால் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். ஆச்சி வீட்டில் நின்ற பசுமாட்டின் பெயர். அதை யாரும் எங்கும் எழுதியதில்லை, நேரில் மட்டுமே சொல்லிக்கொண்டோம். உடம்புக்கு முடியாத செய்தியை எழுதும்போது, முடியவில்லை, பார்த்துக்கொள்கிறோம், விவரத்துக்கு இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று ஒருவர் பெயரை மட்டும் போடுகிறோம். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு கட்டினோம், யார் துணை இல்லாமல் இருக்கிறார் என்பதையெல்லாம் அந்த ஒருவர் வாயால் சொல்வார். வெளியூர்ப் பயணம் போய்வந்த பிறகுதான் படம் வரும். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் படம், ஆதார், விமான டிக்கெட் எதுவும் கிடையாது. ஒருவருடைய வாட்ஸ்அப் திடீரென்று வேலை செய்யாமல் போனால் அன்றைக்கே இரண்டு பேருக்குப் போன் செய்ய வேண்டும், பேரன் வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

இணையத்தில் பார்த்ததைப் பகிர்வதற்கும் அப்பா ஒரு வழி சொன்னார். வந்ததை அப்படியே தள்ளிவிடாமல், எங்கே பார்த்தேன், யார் எழுதியது, எனக்கு இதில் எது பிடித்தது என்று சொந்தமாக இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் இணைப்பைப் போட வேண்டும். திருடனால் இணைப்பைப் போட முடியும், பெரியப்பா மாதிரியோ சித்தி மாதிரியோ இரண்டு வரி எழுதுவது அவ்வளவு எளிதில்லை. சித்திக்கு எழுத வராது, அதனால் அவர் குரல்பதிவு போடுகிறார். சமையல் வீடியோவைப் போட்டுவிட்டு, அந்தப் பொம்பளை புளியைக் கூட ஊத்திட்டா என்று அவர் சொல்வதற்காகவே எல்லாரும் கேட்கிறார்கள்.

போன வாரம் காலை ஐந்தரைக்கு அப்பாவிடமிருந்து செய்தி. தாமிரபரணியின் குறுக்கே சுலோசன முதலியார் தன் பணத்தில் கட்டிக்கொடுத்து 1843-ல் திறந்த பாலத்தின் பழைய படம். ‘இந்தப் பாலத்தில் தினமும் சைக்கிளில் தபால் பையோடு போயிருக்கிறேன். படத்தில் இடது பக்கம் தெரிகிற படிக்கட்டில்தான் மதியச் சாப்பாடு. நலம், நலமறிய அவா’ என்று எழுதியிருந்தார். கீழே ஒரு இணைப்பு. ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. சித்தி. “ஏட்டி, அத்தான்தான் போட்டாவளா? தொடலாமா?” என்று அப்பா போட்டதைப் பற்றிக் கேட்டார். அவரையே கேளுங்கள் என்று சொன்னேன். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டால் முக்கால் மணி நேரம் லைன் பிஸியாகவே இருந்தது.